பச்சைக் கடல் முள்ளெலி: நிறம் சொல்லாததை ஓடு சொல்லும்

நார்வேயின் வடகரையில் ஒரே வலையில் வந்த இரண்டு கடல் முள்ளெலிகளை (உடல் முழுக்க முள் மூடிய உருண்டைக் கடலுயிர்கள்) படம் எடுத்து அனுப்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒன்று பச்சை, மற்றொன்று வெளிறிய பழுப்பு. கையேட்டிலும் பச்சைக் கடல் முள்ளெலி, வெளிர் கடல் முள்ளெலி என்று இரண்டு சிற்றினங்கள் இருக்கின்றன. அப்படியானால் பச்சையை முதலாவதாகவும் வெளிறியதை இரண்டாவதாகவும் குறித்துக்கொள்ளலாமா? ஒரு சிற்றினத்தை எதை வைத்துப் பிரிக்கிறார்கள், எப்படி விவரித்து எழுதுகிறார்கள்?

குறித்துக்கொள்ள வேண்டாம். குளிர்கடல் முள்ளெலிகளில் நிறத்தைப் போல ஆளை ஏமாற்றும் அடையாளம் வேறில்லை. பச்சைக் கடல் முள்ளெலி என்று பெயர் பெற்றதே பல இடங்களில் பழுப்பாகவும் ஊதா சாயலோடும் வருகிறது. வெளிர் முள்ளெலியில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, இளம்பச்சை எல்லாம் உண்டு. ஒரே பாறையில் ஒரே தாய்தந்தைக்குப் பிறந்தவைகூட வேறு வேறு நிறத்தில் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியும், ஒன்றையே இரண்டாகப் பிரித்தும் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் தடுமாறியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வி என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெயருக்குள்ளேயே பாதி வரலாறு இருக்கிறது. பச்சை முள்ளெலியின் முழு அறிவியல் பெயர்: ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் டிரோபாக்கியென்சிஸ் (ஓ. எஃப். முல்லர், 1776). டிரோபாக் என்பது ஒஸ்லோ நகருக்குத் தெற்கே, ஒஸ்லோ கடற்கழியின் கரையில் இருக்கும் ஒரு சிற்றூர். 1776-ல் நார்வேயும் டென்மார்க்கும் ஒரே முடியின் கீழ் இருந்தன. டென்மார்க் இயற்கை அறிஞர் ஓட்டோ ஃப்ரீட்ரிக் முல்லர் தன் விலங்குப் பட்டியலில் இதை 'எக்கைனஸ் டிரோபாக்கியென்சிஸ்' என்று பதிவு செய்தார். டிரோபாக்கைச் சேர்ந்த எக்கைனஸ், அவ்வளவுதான் பொருள். அந்தக் காலத்தில் உருண்டையான முள்ளெலிகள் பெரும்பாலும் எக்கைனஸ் என்ற ஒரே கூடைக்குள்தான் போடப்பட்டன.

பெயருக்குப் பின்னால் முல்லரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். அது அலங்காரம் இல்லை. முதலில் பெயரிட்டவர் வைத்த பேரினத்திலிருந்து இந்தச் சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. மாறாமல் இருந்திருந்தால் அடைப்புக்குறி இருக்காது. ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் என்ற பேரினத்தை 1835-ல் யோஹான் ஃப்ரீட்ரிக் பிராண்ட் உருவாக்கினார். கிரேக்கத்தில் உருண்டை என்பதற்கும் முள் என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்த பெயர். பசிபிக் கடலிலிருந்து வந்த பச்சை முள் கொண்ட ஒன்றுக்கு அவர் வைத்த சிற்றினப் பெயருக்கே 'பச்சை முள்' என்று பொருள். அதுவும் முல்லரின் டிரோபாக் முள்ளெலியும் ஒன்றே என்பது பிறகு தெரிந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விதி. எனவே பிராண்டின் சிற்றினப் பெயர் விலகிக்கொண்டது, அவருடைய பேரினப் பெயர் நின்றது. ஒரு பெயருக்குள் இரண்டு பேரின் உழைப்பு இப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

இனி வகைப்பாட்டு ஏணி. முட்தோலிகள் தொகுதி, அதில் கடல் முள்ளெலிகளின் வகுப்பான எக்கைனாய்டியா, வரிசை கமாரோடான்டா, குடும்பம் ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டிடே. மேல்படிகளில் யாருக்கும் சந்தேகம் வராது. முள், ஐந்தின் மடங்கில் அமைந்த உடல், குழாய்க்கால்கள் என்று எல்லாம் கண்ணுக்கே தெரிகின்றன. வரிசைக்கு வரும்போது வாயைத் திறந்து பார்க்க வேண்டும். கடல் முள்ளெலியின் தாடை நாற்பது சிறு சுண்ணாம்புத் துண்டுகளால் ஆன கூண்டு. அரிஸ்டாட்டில் இதை விளக்கோடு ஒப்பிட்டதாகக் கருதப்பட்டதால் இன்றும் 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்றே பெயர். ஐந்து பற்கள் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கமாரோடான்டா வரிசையில் ஒவ்வொரு பல்லின் உட்புறத்திலும் கப்பலின் அடிக்கட்டை போல ஒரு முகடு ஓடும். பல்லைத் தாங்கும் தாடைத் துண்டின் தலைப்பக்கம் இரண்டு சிறு துண்டுகள் நடுவில் சந்தித்து வளைவு போல மூடியிருக்கும். அந்த வளைவு மூடாமல் திறந்திருந்தால் வேறு வரிசை. விளக்கை ஒருமுறை கையில் பிரித்துப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

குடும்பமும் சிற்றினமும் வேண்டுமென்றால் ஓட்டுக்கு வர வேண்டும். இங்கேதான் நான் நேரம் செலவிடச் சொல்வேன்.

உயிரோடு இருக்கும்போது ஓடு தெரியாது; மேலே தோலும் முள்ளும் மூடியிருக்கும். முதலில் வாய்ப்பக்கத்துச் சவ்வை வெட்டி விளக்கை வெளியே எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பிறகு ஓட்டைத் தண்ணீர் கலந்த பிளீச்சிங் திரவத்தில் ஊற வையுங்கள். தோல் கரையும், முட்கள் உதிரும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள். தட்டுகளை ஒன்றோடொன்று பிடித்திருப்பது மெல்லிய நார்த்திசு. திரவம் அதையும் அரித்துவிடும். இரவில் ஊறப் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் கிண்ணத்தின் அடியில் தட்டுகள் சில்லறை போலக் குவிந்து கிடக்கும்; எந்தத் தட்டு எங்கே இருந்தது என்று இனிச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு நல்ல மாதிரி அப்படிப் போயிருக்கிறது.

நன்றாகக் கழுவி உலர்த்தினால் சாத்துக்குடி அளவில், மேலும் கீழும் சற்று அமுங்கிய, இளம்பச்சை கலந்த ஓடு கையில் இருக்கும். வளர்ந்தவற்றின் விட்டம் பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர். துருவத்திலிருந்து துருவத்துக்கு இருபது வரிசைத் தட்டுகள் ஓடும்: இரண்டிரண்டாக ஐந்து துளைப்பட்டைகள், அவற்றுக்கு நடுவே இரண்டிரண்டாக ஐந்து இடைப்பட்டைகள். துளைப்பட்டைகளின் வழியாகத்தான் குழாய்க்கால்கள் வெளியே வருகின்றன. ஒவ்வொரு காலுக்கும் ஒரு ஜோடித் துளை. வெளிச்சத்தைப் பின்னால் வைத்து ஓட்டைத் தூக்கிப் பிடியுங்கள். இருட்டில் யாரோ புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல அந்தத் துளைகள் ஒளிரும்.

அந்தப் புள்ளிகளை எண்ண வேண்டும். ஒரு துளைப்பட்டைத் தட்டு பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் பல சிறு தட்டுகள் ஒட்டி உருவானது. ஒவ்வொரு சிறு தட்டுக்கும் ஒரு ஜோடித் துளை. வட அட்லாண்டிக்கில் சாதாரணமாகக் கிடைக்கும் எக்கைனஸ் எஸ்குலென்டஸ் என்ற பெரிய முள்ளெலியில் தட்டுக்கு மூன்று ஜோடிகள். நம் பச்சை முள்ளெலியில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஜோடிகள், சிறு வில் போல வளைந்து நிற்கும். மூன்றா, அதற்கு மேலா என்ற இந்த ஒரு கேள்வியே, கடற்கரையில் கிடக்கும் உடைந்த ஓட்டைக்கூட எக்கைனஸிலிருந்து பிரித்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. குட்டிகளில் ஜோடிகள் குறைவாக இருக்கும், வளர வளரக் கூடும். அதனால் 'ஐந்து ஜோடி' என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எத்தனை சென்டிமீட்டர் ஓட்டில், எந்த உயரத்தில் இருந்த தட்டில் எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஓட்டின் மிக அகன்ற சுற்றளவில் எண்ணுவதுதான் வழக்கம்.

உச்சியில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. ஐந்து பெரிய தட்டுகள், ஒவ்வொன்றிலும் இனச்செல்கள் வெளியேறும் ஒரு துளை. அவற்றுக்கு இடையே ஐந்து சிறிய தட்டுகள். பெரியவற்றில் ஒன்று மட்டும் சல்லடை போல நுண்துளைகளோடு இருக்கும். அந்தச் சல்லடைத் தட்டே நமக்குத் திசைகாட்டி. ஓட்டை வாய் கீழே இருக்கும்படி வைத்து, சல்லடைத் தட்டு வலது முன்புறம் வருமாறு திருப்பினால், ஸ்வீடன் அறிஞர் ஸ்வென் லோவேன் 1870-களில் வகுத்த முறைப்படி எல்லாப் பட்டைகளுக்கும் எண் கொடுத்துவிடலாம். உருண்டையான ஒன்றுக்கு முன் ஏது, பின் ஏது என்று தோன்றும். ஆனால் இந்த எண்கள் இல்லையென்றால் இரண்டு ஆட்கள் ஒரே தட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே தெரியாது. பச்சை முள்ளெலியில், ஐந்து சிறிய தட்டுகளில் பின்புறத்து இரண்டு பெரும்பாலும் உள்ளே நீண்டு, ஆசனவாயைச் சூழ்ந்த சவ்வைத் தொடும். மற்ற மூன்றும் வெளியே தள்ளியே நிற்கும். லோவேனின் எண் இருப்பதால் இதை ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது.

முட்களுக்கு நடுவே இன்னொரு சிறு உலகம் இருக்கிறது: பெடிசெல்லேரியா எனப்படும், காம்பின் நுனியில் மூன்று தாடைகள் கொண்ட குட்டிக் கொறடுகள். உடலில் விழும் குப்பையை எடுப்பதும், ஒட்ட வரும் உயிர்களைக் கடிப்பதும் இவற்றின் வேலை. நான்கு வகை உண்டு. அதில் உருண்டைத் தலை கொண்ட வகைக்கு நஞ்சுப்பையும் இருக்கிறது. மெல்லிய இடுக்கியால் ஒன்றைப் பறித்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி பிளீச்சிங் திரவம் விட்டால் சதை கரைந்து தாடைகள் மட்டும் கண்ணாடி போல மிஞ்சும். அந்தத் தாடைகளின் வடிவம் சிற்றினங்களையும் பேரினங்களையும் பிரிக்க மிகவும் பயன்படுகிறது. 1928 முதல் 1951 வரை வெளிவந்த தன் பெருநூல் தொகுதிகளில் டென்மார்க்கின் தியோடர் மார்ட்டென்சன் இவற்றை எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார் என்று பார்த்தால் கைகூப்பத் தோன்றும்.

பச்சை முள்ளெலிக்குப் பெயர் வைத்த அதே முல்லர்தான் இந்தக் கொறடுகளையும் முதலில் விவரித்தவர். ஆனால் அவை முள்ளெலியின் உறுப்புகள் என்று அவருக்குத் தெரியவில்லை. முள்ளெலியின் மேல் ஒட்டி வாழும் தனி உயிர்கள் என்று கருதி, பெடிசெல்லேரியா என்று ஒரு பேரினமே உருவாக்கி, மூன்று சிற்றினப் பெயர்களும் வைத்தார். அந்தப் பெயர்களே இன்று கொறடுகளின் வகைப் பெயர்களாக நிலைத்துவிட்டன. விளக்கம் தவறு, ஆனால் பார்த்தது சரி. காம்பு, தலை, தாடை எல்லாவற்றையும் அவர் உள்ளபடி எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் திருத்திக்கொள்ள முடிந்தது. சிற்றின விவரிப்பு எழுதும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இப்போது வெளிர் முள்ளெலிக்கு வருகிறேன். இதை 1872-ல் நார்வே அறிஞர் கியார்க் ஓசியன் சார்ஸ் 'பல்லிடஸ்' என்று பிரித்துப் பெயரிட்டார்; லத்தீனில் வெளிறியது என்று பொருள். ஆனால் பலர் இதைத் தனிச் சிற்றினமாக ஏற்க நீண்ட காலம் தயங்கினார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. துளை ஜோடிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது; ஓட்டின் உயரம் மாறிக்கொண்டே இருக்கிறது; நிறத்தைப் பற்றி முன்பே சொன்னேன். பொதுவாகப் பச்சை முள்ளெலி கரையோரப் பாறைகளில் அதிகம், வெளிர் முள்ளெலி அதைவிட ஆழத்தில் அதிகம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் கலந்தும் கிடைக்கும். உங்கள் வலையில் நடந்தது அதுவாகவே இருக்கலாம்.

உயிரோடு இருக்கும்போது எனக்கு மிகவும் உதவுவது குழாய்க்கால்கள். கடல்நீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டால், முட்களைத் தாண்டி மெல்ல நீண்டு வெளியே வரும். பச்சை முள்ளெலியில் அவை பெரும்பாலும் கருமையாக, ஊதா சாயலோடு இருக்கும். வெளிர் முள்ளெலியில் வெள்ளை. சாராயத்தில் போட்ட பிறகு இந்த வேறுபாடு போய்விடும். எனவே மாதிரி வந்தவுடன், உயிர் இருக்கும்போதே, குழாய்க்காலின் நிறத்தை எழுதிவிட வேண்டும். இதுவும் நிறம்தானே என்று கேட்கலாம். முள்ளின் நிறத்தைவிட இது நிலையாக இருக்கிறது. என்றாலும் இதை மட்டும் நம்பி நான் முடிவு எழுத மாட்டேன்.

1950-களிலும் 60-களிலும் ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் விந்தணுவைப் பார்த்தார்கள். இரண்டு முள்ளெலிகளிலும் அதன் தலையின் வடிவம் வேறு. 1974-ல் மார்கிட் யென்சன் இந்தக் குடும்பம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, முள்ளின் நுண்ணமைப்பு வரை போய் ஒப்பிட்டார். இவற்றுக்குப் பிறகு இரண்டு சிற்றினம் என்பதில் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. மரபணு ஆய்வுகளும் அதையே காட்டின. ஒன்றை மட்டும் சேர்த்துக் காட்டின: எல்லை முழுவதும் மூடிய சுவர் அல்ல. இவை இனச்செல்களைக் கடல்நீரில்தான் விடுகின்றன. பச்சை முள்ளெலியின் கருமுட்டை, தன் இன விந்தணுவும் வெளிர் முள்ளெலியின் விந்தணுவும் ஒன்றாக வந்தால் தன் இனத்தையே விரும்பும். ஆனால் தன் இனத்தது அருகில் இல்லையென்றால் மற்றதையும் ஏற்றுக்கொள்ளும். விந்தணுவை முட்டையோடு ஒட்ட வைக்கும் 'பின்டின்' என்ற புரதம் இந்தத் தேர்வில் பங்கு வகிக்கிறது. கலப்பு ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை. அட்லாண்டிக்கில் வெளிர் முள்ளெலியின் மரபணுக்கள் பச்சை முள்ளெலிக்குள் கசிந்திருக்கின்றன. ஆகவே, எந்த அடையாளமும் ஒத்துவராத ஒரு மாதிரி உங்களிடம் சிக்கினால், அது கலப்பாக இருக்கலாம் என்ற குறிப்போடு எடுத்து வையுங்கள். வலிந்து ஒரு பெட்டிக்குள் தள்ளாதீர்கள்.

இந்தக் குடும்பத்தின் தாயகம் வட பசிபிக். மற்ற உறுப்பினர்கள் எல்லாம் இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். 2006-ல் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்ட கலிஃபோர்னியாவின் ஊதா முள்ளெலியும் இந்தக் குடும்பம்தான். பெரிங் நீரிணை திறந்த பிறகு ஆர்க்டிக் வழியாக அட்லாண்டிக்கை அடைந்து நிலைத்தவை நம் பச்சையும் வெளிறும் மட்டுமே. நிறையப் பேர் பச்சை முள்ளெலியை ஐரோப்பியக் கடலின் பூர்வகுடி என்று நினைக்கிறார்கள். டிரோபாக்கின் பெயரைச் சுமந்தாலும் அது கடல் தாண்டி வந்தது.

விவரிப்பு எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டின் விட்டம், உயரம், உச்சி வட்டத்தின் அகலம், வாய்ச்சவ்வின் அகலம். இவற்றை மில்லிமீட்டரில் அளந்து, விட்டத்தின் சதவீதமாகவும் எழுதுங்கள். சிறியது முதல் பெரியது வரை பல மாதிரிகளை அளந்தால்தான் எது சிற்றினத்தின் குணம், எது வயதின் குணம் என்று தெரியும். பிறகு தட்டுகள், துளை ஜோடிகள், முள் நிற்கும் குமிழ்கள், முட்கள், கொறடுகள், கடைசியில் நிறம். நிறத்தைக் கடைசியில் வைப்பது என் பழக்கம். இடம், ஆழம், அடித்தரை பாறையா சேறா, தேதி ஆகியவை விட்டுப்போகவே கூடாது. சில குழாய்க்கால்களை வெட்டிச் செறிந்த எத்தனாலில் போட்டு வைத்தால் மரபணு ஆய்வுக்குப் போதும். புதுச் சிற்றினம் என்று அறிவிப்பதாக இருந்தால், அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மூல மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 1999-க்குப் பிறகு வைக்கும் பெயர்களுக்கு மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிடுவது கட்டாயம். முல்லரின் காலத்தில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால்தான் பழைய பெயர்களில் இவ்வளவு சிக்கல்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நார்வேயின் கடலடியைக் காட்டுவேன். 1970-களிலிருந்து நாட்டின் நடுப்பகுதிக்கும் ரஷ்ய எல்லைக்கும் இடையே, பச்சை முள்ளெலிகள் கெல்ப் எனும் பெரும்பாசிக் காடுகளை மேய்ந்து மொட்டைப் பாறையாக்கின. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1980-களின் தொடக்கத்தில் ஓர் அமீபா நோயால் இவை கூட்டம் கூட்டமாகச் செத்தபோது அங்கே பாசிக்காடு திரும்ப முளைத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1980-களின் இறுதியில் இதன் சினைக்காகப் பெரும் மீன்பிடித் தொழில் எழுந்து, சில ஆண்டுகளிலேயே வளம் சரிந்தது. எங்கே எத்தனை முள்ளெலிகள் இருக்கின்றன என்ற கணக்கில்தான் இந்த முடிவுகள் எல்லாம் நிற்கின்றன. ஆழத்தில் எடுத்த வெளிர் முள்ளெலிகளைப் பச்சையோடு சேர்த்து எண்ணிவிட்டால் அந்தக் கணக்கே பிழை.

கடைசியாக உங்கள் படங்கள். முதல் படத்தில், இடது ஓரத்து முட்களுக்கு இடையே நான்கைந்து குழாய்க்கால்கள் கருமையாகத் தெரிகின்றன. அது பச்சை முள்ளெலியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்வேன். இரண்டாவது படத்தில் கால்கள் முழுக்க உள்ளே இழுக்கப்பட்டிருக்கின்றன. படத்தை வைத்து என்னால் பெயர் சொல்ல முடியாது. மாதிரி இன்னும் கையில் இருந்தால் ஓட்டின் விட்டத்தை அளந்து, அகன்ற சுற்றளவில் மூன்று தட்டுகளின் துளை ஜோடிகளை எண்ணி, வலை எத்தனை மீட்டர் ஆழத்தில் இழுக்கப்பட்டது என்ற குறிப்போடு எழுதுங்கள். சில கொறடுகளையும் உருண்டைத் தலை உள்ளவையாகப் பார்த்து எடுத்து வையுங்கள். நாம் தாடைகளிலிருந்து தொடரலாம்.